கார் ஏ.சி. குளிரவில்லை, ஹீட்டர் சுடவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றின் ஏ.சி.யில் குளிர்ச்சி தருவது ஆர்134ஏ என்ற கேஸ். பானட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு ஸ்டிக்கரில் கேஸின் பெயரும், அது எத்தனை கிராம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. கடையில் அது மிகவும் பயன்படும்.

ஏ.சி. குளிர்ச்சி குறைந்துவிட்டது. கேஸ் தீர்ந்திருக்குமா?

கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. கம்ப்ரஸர் (கேஸை அழுத்தும் பம்ப்), கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி), எக்ஸ்பான்ஷன் வால்வ் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு வால்வ்), கூலிங் காயில் (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) என்ற மூடிய வளையத்துக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அதனால் ஏழெட்டு ஆண்டு ஓடிய காரில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் ஏத்திடணும்" என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள். லீக்கை அடைக்காமல் நிரப்பினால் பணம் மட்டும் போவதில்லை. கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் வெளியேறும். கேஸை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பினால் ஆயில் பற்றாமல் கம்ப்ரஸர் தேய்ந்து ஜாம் ஆகும். கசிந்த கேஸ் காற்றில் கலப்பதும் சிறிய விஷயமல்ல. 1 கிலோ ஆர்134ஏ பூமியைச் சூடாக்குவதில் சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

குளிர்ச்சி குறையக் கேஸ் மட்டுமே காரணமல்ல. அழுக்கேறிய கேபின் ஃபில்டர், ஓடாத ஃபேன், மண் அடைத்த கண்டென்சர் ஆகியவையும் இதே அறிகுறியைத்தான் காட்டும். இவற்றுக்கான செலவு கேஸ் நிரப்புவதைவிடக் குறைவு. அதனால் இவற்றை முதலில் பார்த்துவிடுவதே முறை.

கடைக்குப் போகுமுன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வையுங்கள்.

முதலில் காற்றின் அளவு. சத்தம் பலமாக வந்து காற்று மெலிதாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே இறங்கிவிடும், ஃபில்டர் மூடியின் கிளிப்பைத் தட்டி வெளியே இழுக்கலாம். வெளியே எடுக்கும்போது அதன் மேல்முகத்தில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, புதியதையும் அப்படியே பொருத்துங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றலாம், செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே. சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே பொருத்தாமல் வெற்றுச் சட்டம் மட்டும் இருக்கும். அப்படியானால் தூசியெல்லாம் நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பியிருக்கும்.

அடுத்து கம்ப்ரஸர். ஏ.சி. பட்டனை அழுத்தியதும் பானட்டுக்குள் "டக்" என்று ஒரு சத்தம் வரவேண்டும், கம்ப்ரஸரின் முன்தட்டு பெல்ட் புல்லியோடு சேர்ந்து சுழல வேண்டும். புல்லி மட்டும் சுழன்று தட்டு சும்மா நின்றால், கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் பிடிக்கவில்லை. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஏ.சி. ரிலேயைக் கழற்றி, அதே வகை ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகிப் பாருங்கள். கிளட்ச் பிடித்துவிட்டால் ரிலேதான் பழுது. புதிய மாடல்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது, தட்டு எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

மூன்றாவது ஃபேன். ஏ.சி. போட்ட ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டர் ஃபேன் ஓட வேண்டும். ஒரு தாளைக் கண்டென்சரின் முன்பக்கம் பிடியுங்கள். அது உள்பக்கமாக இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் தொங்கினால் ஃபேனுக்கு வலு இல்லை. வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஃபேன் திடீரென்று ஓடத் தொடங்கும் என்பதால் கைவிரல், துப்பட்டா, சட்டை நுனி எதையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஏ.சி. அலுமினியக் குழாய்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு தடித்த குழாய் நன்கு சில்லிட்டு வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் சூடாக இருக்கும், சட்டென்று தொட்டு எடுங்கள். தடித்தது வெதுவெதுப்பாகவே இருந்தால் கேஸோ கம்ப்ரஸரோ சரியில்லை. தடித்தது சில்லென்று இருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் குறை டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அந்த நிலையில் கேஸ் நிரப்புவதில் எந்தப் பயனும் இல்லை.

ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறதே?

இந்தக் குறை பெரும்பாலும் கண்டென்சர் பக்கம்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்வித்துவிடுகிறது. நின்றதும் அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. உறுதிசெய்ய எளிய வழி உண்டு: வண்டி நின்று சூடான காற்று வரும்போது, ஒரு மக் தண்ணீரைக் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் காற்று சில்லென்று மாறினால் கேஸ், கம்ப்ரஸர் இரண்டும் நலம். ஃபேன், ஃபேன் ரிலே, கண்டென்சர் அழுக்கு இவற்றில் ஒன்றே காரணம்.

கண்டென்சரைக் கழுவும்போது வாட்டர் சர்வீஸ் பம்பின் முழு வேகத்தில் அடிக்கக் கூடாது, மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கி வழி அடைத்துக்கொள்ளும். சாதாரண ஹோஸில், இயன்றால் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, நீர் தெளிவாக வரும்வரை விடுங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் பூச்சி, இலை, பிளாஸ்டிக் தாள் சேர்ந்திருக்கும். அங்கேயும் பார்க்க வேண்டும்.

ஃபேன் சரியாக இருந்தும் ஐடிலில் மட்டும் குளிரவில்லை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குளிர்கிறது, தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை என்றால் கேஸ் குறைவையும் கம்ப்ரஸர் தேய்மானத்தையும் சந்தேகிக்கலாம்.

காலையில் ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது, மதியம் இன்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது. ஏன்?

கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலான கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். தேய்ந்து அது 0.8, 1 மில்லிமீட்டர் என்று விரிந்துவிட்டால், கிளட்சின் காந்தக் காயில் சூடாகி வலு குறையும் நேரத்தில் தட்டை இழுக்க முடியாது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து, தட்டுக்குப் பின்னாலுள்ள மெல்லிய ஷிம் வாஷரில் ஒன்றை எடுத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும். இதற்குப் போய்க் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால், இடைவெளி எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வேறொரு காரணமும் உண்டு. கூலன்ட் சூடு எல்லை மீறினால் இன்ஜினைக் காப்பாற்ற அதன் கணினியான ஈ.சி.யு.வே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதனால் டெம்பரேச்சர் முள்ளையும் பாருங்கள். மலையேறும்போது ஏ.சி. விட்டு விட்டு வருவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏ.சி. கடையில் பிரஷர் கேஜ் மாட்டினால் எந்த எண் வரவேண்டும்?

வெளியே 35 டிகிரி வெயில், இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்., புளோயர் முழு வேகம் என்றால், ஆர்134ஏ வண்டியில் குறைந்த பிரஷர் பக்கத்து நீலக் கேஜ் ஏறத்தாழ 30–45 பி.எஸ்.ஐ.யும் அதிக பிரஷர் பக்கத்துச் சிவப்புக் கேஜ் 200–275 பி.எஸ்.ஐ.யும் காட்டும். நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 8 முதல் 12 டிகிரி காட்டினால் திருப்தி அடையலாம்.

இரண்டு எண்ணும் குறைவு: கேஸ் குறைவு. இரண்டும் அதிகம்: ஃபேன் ஓடவில்லை, கண்டென்சர் அழுக்கு, கேஸ் அதிகமாக ஏற்றிவிட்டார்கள், அல்லது வேக்கம் போடாமல் (உள்ளே உள்ள காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சாமல்) நிரப்பியதால் உள்ளே காற்று இருக்கிறது. நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கம்ப்ரஸருக்குள் தேய்மானம். நீலம் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்குகிறது: எக்ஸ்பான்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு.

இன்ஜின் அணைத்திருக்கும்போது காட்டும் எண்ணை வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். வண்டி ஓய்ந்திருக்கையில் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு கேஜும் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே திரவமாகக் கொஞ்சம் கேஸ் இருந்தாலே போதும், அது 150 கிராமாக இருந்தாலும் 450 கிராமாக இருந்தாலும் அதே எண்தான். கேஸின் அளவை எடைபோட்டே அறிய முடியும்.

சரியாகக் கேஸ் நிரப்புவது என்றால் என்ன? கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

உள்ளே மிஞ்சியிருக்கும் கேஸை மெஷினில் மீட்டெடுத்து எடை பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் 420 கிராம் என்று இருக்க, மீண்டது 410 கிராம் என்றால் கேஸ் குறைவால் அல்ல உங்கள் பிரச்சினை, அத்தோடு நிறுத்தி வேறு காரணத்தைத் தேடலாம்.

குறைந்திருந்தால் லீக் தேட வேண்டும். நைட்ரஜன் அடைத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நம்பகமான வழி. ஆயில் கசிந்து தூசி ஒட்டிக் கறுத்திருக்கும் ஜாயின்ட்டில் முதலில் பாருங்கள். கண்டென்சரின் அடிப்பகுதி, கேஸ் நிரப்பும் சர்வீஸ் வால்வின் உள்ளே இருக்கும் பின், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் மூன்றும் வழக்கமான இடங்கள். வெளியே எங்கும் இல்லை என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். புளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரைக் கழற்றிய ஓட்டை வழியாகவோ, தண்ணீர் வடியும் குழாய் வழியாகவோ எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரின் முனையைக் காட்டி அதைக் கண்டுபிடிக்கலாம். டேஷ்போர்டை இறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். புதிய காயில் போட்டும் லீக் நிற்காத வண்டிகளுக்கு இந்தச் சோதனையைத் தவிர்த்ததே காரணம்.

லீக்கை அடைத்த பின் குறைந்தது 30 நிமிடம் வேக்கம். பம்பை நிறுத்தி 15 நிமிடம் பார்த்தால் முள் அசையக் கூடாது. வேக்கம் காற்றை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஈரத்தையும் ஆவியாக்கி வெளியேற்றுகிறது. அதற்குத்தான் இவ்வளவு நேரம். வெளியேறிய அளவுக்கு ஆயில் சேர்த்து, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குக் கேஸ் நிரப்பி முடிக்க வேண்டும். சிறிய கார்களுக்கு 350–500 கிராம்தான் மொத்தமே என்பதால் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். "கொஞ்சம் கூட ஏத்தினா நல்லா கூலிங் வரும்" என்பது தலைகீழான பேச்சு. அதிகக் கேஸ் பிரஷரை உயர்த்திக் குளிர்ச்சியைக் குறைக்கும், கம்ப்ரஸரையும் வாட்டும்.

மிக மலிவாகக் கிடைக்கும் டின்களில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கேஸ் கலந்திருப்பதுண்டு. குளிரத்தான் செய்யும், ஆனால் விபத்தில் குழாய் உடைந்தால் சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும். சீல் உடைக்காத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டு, பிறகு நின்றுவிடுகிறது. அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி வருகிறது.

காற்றின் அளவு குறைந்ததா, காற்று அதே அளவில் வந்து குளிர்ச்சி மட்டும் போனதா என்று கவனியுங்கள். இரண்டும் வேறு வேறு பழுது.

காற்றே குறைந்தால் கூலிங் காயில் மேல் பனி படர்ந்து அடைத்துவிட்டது. காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் சென்சார் சரியாக வேலை செய்தால் 2–3 டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தியிருக்கும். அது கெட்டுவிட்டதால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது. ஏ.சி.யை அணைத்ததும் வண்டிக்கடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டுவது இதற்கு அடையாளம். சென்சார் விலை குறைவு.

காற்று அப்படியே வந்து குளிர்ச்சி மட்டும் போனால் உள்ளே ஈரம் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் அது பனிக்கட்டியாகி வழியை மறிக்கிறது, அணைத்து வைத்தால் உருகிவிடுகிறது. டிரையரை மாற்றி, நீண்ட நேரம் வேக்கம் போட்டால் தீரும். வளையத்தை எதற்காகத் திறந்தாலும் டிரையரையும் மாற்றிவிடுவது நல்லது.

புளோயர் 4-ல் மட்டும் ஓடுகிறது. 1, 2, 3 வேலை செய்யவில்லை.

ரெசிஸ்டர் போய்விட்டது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், புளோயருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். மாற்றுமுன் அதன் கனெக்டர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். கருகியிருந்தால் புளோயர் மோட்டார் இறுகி அதிகக் கரன்ட் இழுக்கிறது, ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அதுவும் போகும்.

ஒரு பக்க வென்ட்டில் குளிர், மறுபக்கம் சூடு?

இரு பக்கத்துக்கும் தனித்தனி டெம்பரேச்சர் வைக்கும் வசதி உள்ள காரில், சூடு-குளிர் காற்றைக் கலக்கும் கதவை நகர்த்தும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். டேஷ்போர்டுக்குள் "டிக் டிக்" சத்தம் கேட்கும். அந்த வசதி இல்லாத காரில் இப்படி வந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு: காயிலின் ஒரு பாதிக்கு மட்டும் கேஸ் எட்டுகிறது.

ஏ.சி. போட்டதும் புளித்த நாற்றம். வாசனை டப்பா மாட்டினால் போதுமா?

போதாது. ஈரமான கூலிங் காயிலில் பூஞ்சை வளர்கிறது. ஃபில்டரை மாற்றி, காயில் மேல் ஃபோம் கிளீனர் அடித்து 15 நிமிடம் ஊறவிட்டு, புளோயரை ஓட்டிக் காயவைக்க வேண்டும். திரும்ப வராமலிருக்க, வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்து, புளோயரை வெளிக்காற்று நிலையில் ஓடவிடுங்கள்.

முன்பக்க பாசஞ்சர் காலடியில் தண்ணீர் தேங்குகிறது.

விரலில் தொட்டுப் பாருங்கள். தெளிந்த நீராக, வாசனையற்று இருந்தால் அது கூலிங் காயிலில் வடிந்த தண்ணீர். இன்ஜின் தடுப்புச் சுவரின் கீழே இருக்கும் வடிகுழாயில் மண் அடைத்திருக்கிறது. வண்டிக்கடியிலிருந்து மென்மையாகக் காற்று ஊதினாலோ, வளையும் பிளாஸ்டிக் கம்பியை விட்டாலோ திறந்துவிடும். அதிக பிரஷரில் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும்.

பிசுபிசுப்பாக, பச்சையோ சிவப்போ நிறத்தில், இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் காயில் உடைந்து கூலன்ட் கசிகிறது. கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப்படலம் போலப் படிவதும் இதோடு சேர்ந்தே வரும். கூலன்ட் நஞ்சு. அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கிவிடும், உடனே துடைத்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போனால் ஹீட்டர் சுடவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஹீட்டருக்குத் தனி அடுப்பு எதுவும் இல்லை. இன்ஜினில் 80–90 டிகிரிக்குச் சூடான கூலன்டில் ஒரு பகுதி டேஷ்போர்டுக்குள் உள்ள ஹீட்டர் காயிலுக்குப் போகிறது, புளோயர் அதன் மேல் ஊதுகிறது. எனவே பழுதும் பெரும்பாலும் கூலன்ட் பக்கம்தான்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும், ஒருபோதும் செய்யாதீர்கள். அளவு சரி என்றால் இன்ஜினைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொடுங்கள்.

இரண்டுமே நல்ல சூடு என்றால் காயிலுக்குக் கூலன்ட் வருகிறது, உள்ளே காற்றுக் கதவு திரும்பவில்லை. ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் காயில் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வ் திறக்கவில்லை. கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றி வந்த வண்டிகளில் உப்பும் துருவும் அந்த நுண்குழாய்களில் படிந்து அடைத்திருக்கும். இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக எதிர்த்திசையில் விட்டால் காவி நிறச் சேறு வரும். தெளியும்வரை விட்டு, பிறகு புதிய கூலன்ட் நிரப்புங்கள்.

இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், இன்ஜின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் அதுவேதான். சமவெளியில் இன்ஜின் சூடாகிறது என்று சொல்லி தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்த வண்டிகளிலும் இதே நிலைதான். மைலேஜும் குறையும். புதிய தெர்மோஸ்டாட் போடுவதே சரி.

கூலன்ட் மாற்றிய பின் ஹீட்டர் நின்றிருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி வருவது நின்றதும் அளவை நிரப்பி மூடுங்கள். அடிக்கடி இப்படிக் காற்று சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) சோதிக்க வேண்டும்.

மலை இறங்கும்போது ஹீட்டர் தணிவதை மட்டும் பழுதாக எண்ண வேண்டாம். கியரில் இறங்குகையில் இன்ஜினுக்கு எரிபொருளே போவதில்லை, அதனால் கூலன்டின் சூடும் தணிகிறது. டீசல் வண்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஹீட்டர் காயில் லீக். "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று பைபாஸ் பண்ணச் சொல்கிறார்களே?

இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிட்டால் லீக் நிற்கும், வண்டியும் ஓடும். டேஷ்போர்டை இறக்கிக் காயில் மாற்றுவது ஏறத்தாழ ஒரு முழு நாள் வேலை என்பதால் தற்காலிகமாக இப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் மழைக்காலத்தில் கண்ணாடிப் பனியை விரட்ட வெப்பக் காற்று கிடைக்காது. மேலும், வழியில் இன்ஜின் சூடேறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் திறப்பது கொஞ்சம் வெப்பத்தை இறக்கிவிடும். பைபாஸ் செய்த வண்டியில் அந்த வழியும் இல்லை. மலைப்பாதையில் போகிறவர்கள் மாற்றிவிடுவதே நல்லது.

மழையில் கண்ணாடி மங்கினால் ஏ.சி.யா, ஹீட்டரா?

உட்பக்கம் மங்கினால் இரண்டும் சேர்த்து: ஏ.சி. ஈரத்தை எடுக்கும், வெப்பம் கண்ணாடியைச் சூடாக்கும். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று நிலையில் வையுங்கள். வெளிப்பக்கம் மங்கினால் ஏ.சி. கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிட்டது. வைப்பரைப் போட்டுவிட்டு டெம்பரேச்சரைக் கூட்டுங்கள்.

ஏ.சி. போட்டுக்கொண்டு நிறுத்திய காருக்குள் தூங்கலாமா?

கூடாது. மூடிய ஷெட்டிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ உயிருக்கே ஆபத்து. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் திறந்த வெளியிலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

கம்ப்ரஸர் ஜாம். அதை மட்டும் மாற்றினால் போதுமா?

ஜாம் ஆன கம்ப்ரஸர் உலோகத் துகள்களைக் குழாயெங்கும் அனுப்பியிருக்கும். பழைய எக்ஸ்பான்ஷன் வால்வ், டிரையர், கண்டென்சரோடு புதிய கம்ப்ரஸரை மாட்டினால் அந்தத் துகள்கள் அதையும் தின்றுவிடும். குழாய்களையும் கூலிங் காயிலையும் ஃபிளஷ் செய்யலாம். இன்றைய கண்டென்சர்களின் நுண்குழாய்கள் கழுவிச் சுத்தமாகாது, மாற்றத்தான் வேண்டும். செலவு அதிகமே, ஆனாலும் இரண்டாவது கம்ப்ரஸரை வாங்குவதைவிடக் குறைவு.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஃபில்டர், ஃபேன், கண்டென்சர் அழுக்கு, லீக் பற்றிச் சொன்னவை பொருந்தும். கம்ப்ரஸர் மட்டும் வேறு. முழு மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரி கொண்ட ஹைப்ரிட்களிலும் அது உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே கூடாது. சாதாரணக் கார்களின் கம்ப்ரஸரில் இருக்கும் பி.ஏ.ஜி. வகை ஆயில் மின்சாரத்தைக் கசியவிடும் என்பதால், இவற்றில் பெரும்பாலும் பி.ஓ.ஈ. வகை ஆயில் ஊற்றப்பட்டிருக்கும். தவறான ஆயில் சிறிது கலந்தாலும் இன்சுலேஷன் கெட்டு, வண்டி எச்சரிக்கை காட்டி நின்றுவிடலாம். மற்ற கார்களுக்குப் பயன்படுத்தும் ஹோஸிலும் மெஷினிலும் பழைய ஆயில் ஒட்டியிருக்கும். இந்த வண்டிகளுக்கென்று தனி மெஷின் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.